மாமா படித்த பல்கலைக்கழகம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வில்லிவாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி இருக்கும் அக்கா, மகனையும் அரைக் கிலோ மைசூர்பாகையும் கூட்டிக்கொண்டு வந்தார். பையன் சிவில் இறுதியாண்டு. அமெரிக்காவில் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கப் போகிறானாம், அதுவும் நான் படித்த பல்கலைக்கழகத்திலேயே. "நீ அங்கேயே அஞ்சு வருஷம் இருந்த பொண்ணு. ஒரு வார்த்தை சொன்னா கேக்க மாட்டாங்களா?" என்றார். பையன் தலையைக் குனிந்துகொண்டு செல்போனைத் தேய்த்தான். அம்மா கேட்ட விதம் அவனுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் பதிலுக்கு அவனும்தான் காத்திருந்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2015-ல் இதே கூடத்தில் உட்கார்ந்து, ஏறக்குறைய இதே வார்த்தைகளை, என் அம்மா தன் தம்பியிடம் ஸ்கைப்பில் சொன்னார்.

எங்கள் வீட்டில் அப்படி நினைத்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அப்பா ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ரயில்வேயில் சில பிரிவு ஊழியர்கள் முன்கூட்டியே ஓய்வு பெற்றால் பிள்ளைக்கு வேலை கொடுக்கும் திட்டமே அப்போது இருந்தது. அது 2018-ல்தான் முடிவுக்கு வந்தது. எல்.கே.ஜி. சேர்க்கைப் படிவத்திலேயே 'பெற்றோர் இப்பள்ளியின் முன்னாள் மாணவரா' என்று கேட்கும் பள்ளிகள் சென்னையில் உண்டு. பொறியியலுக்குக் கவுன்சிலிங்கில் ரேங்க் மட்டும்தான் பேசும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ரேங்க் பேசாத எல்லா இடத்திலும் ஆள்தான் பேச வேண்டும் என்பது எங்கள் தெருவின் பொதுக் கணக்கு. அமெரிக்கச் சேர்க்கையில் கட்-ஆஃப் இல்லை, கட்டுரை கேட்கிறார்கள், கடிதம் கேட்கிறார்கள் என்று சொன்னதும் அம்மா ஒரே முடிவுக்கு வந்தார்: "அப்போ சிபாரிசுதான்."

மாமா, அம்மாவின் தம்பி, கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். 1986-ல் அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போய் 1988-ல் எம்.எஸ். முடித்தார். அங்கேயே வேலை, வீடு, குடும்பம். வருடா வருடம் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு 50 டாலர் நன்கொடை அனுப்புவார். எங்கள் குடும்பத்தின் கண்ணில் அவர் ஏறக்குறைய அதன் தர்மகர்த்தா.

(உறவுக்காரர் படித்த இடத்தைச் சொல்லும்போது கொஞ்சம் விசாரித்துக்கொள்வது நல்லது. என்னோடு படித்த ஒருத்தி, "எங்க பெரியப்பா எம்.ஐ.டி." என்று இரண்டு வருடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்களும் பாஸ்டன் என்றே நினைத்தோம். குரோம்பேட்டை எம்.ஐ.டி. 1949-ல் தொடங்கியது, அப்துல் கலாம் படித்த இடம், அதற்கும் பெருமைக்குக் குறைவில்லை. ஆனால் அவள் அதைச் சொன்ன தொனி வேறு.)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் போட்ட ஏழு விண்ணப்பங்களில் முதலாவது மாமா படித்த பல்கலைக்கழகம். அந்தப் பட்டியலை நான் எப்படித் தயாரித்தேன் என்று இப்போது நினைத்தால் உதைக்கத் தோன்றுகிறது. என் ஆர்வம் கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிப்பது பற்றியது. கடலோர ஊர்க்காரிக்கு இது ஒன்றும் அரிய விஷயம் இல்லை. உப்புக் காற்றில் இருக்கும் குளோரைடு கான்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கிக் கம்பியைத் தின்னும். துரு கம்பியைவிட அதிக இடம் கேட்கும், அதனால் பூச்சு வெடித்து உதிரும். பட்டினப்பாக்கம் பக்கம் பழைய குடியிருப்புகளில் யாரும் பார்க்கலாம். அந்த ஆராய்ச்சி செய்பவர் மாமாவின் பல்கலைக்கழகத்தில் இருக்கிறாரா என்று நான் ஒருமுறைகூடத் தேடவில்லை. மாமா அங்கே படித்தார், அது போதும் என்று இருந்துவிட்டேன்.

அந்த ஆன்லைன் படிவத்தில் மூன்றாவது பக்கத்திலோ நான்காவதிலோ ஒரு கேள்வி இருந்தது: உங்கள் உறவினர் யாராவது இங்கே படித்திருக்கிறார்களா? ஆம் என்று அழுத்தினால் பெயர், உறவு, பட்டம் பெற்ற ஆண்டு என்று மூன்று கட்டங்கள் திறந்தன. உறவுமுறைப் பட்டியலில் தந்தை, தாய், உடன்பிறந்தவர், பாட்டன், பாட்டி, மற்றவர். தாய்மாமனுக்கு அதில் இடமில்லை. நம் ஊரில் தாய்மாமன் இல்லாமல் காதுகூடக் குத்த முடியாது. அங்கே அவர் 'மற்றவர்'. அம்மா பின்னால் நின்று பார்த்துவிட்டு, "கேக்கறாங்க பார், எதுக்குக் கேப்பாங்க?" என்றார். நியாயமான கேள்வி. அதற்கான பதில் எனக்கு மூன்று வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

மாமா தன் பங்குக்கு இரண்டு காரியம் செய்தார். ஒன்று வீண். இன்னொன்று இன்றுவரை நான் பிறருக்குச் சொல்லிக்கொண்டிருப்பது.

வீணானது அவர் எழுதிய கடிதம். மூன்று பரிந்துரைக் கடிதம் தேவை. எங்கள் கல்லூரியில் பெரும்பாலானவர்களுக்கு நடந்ததுதான் எனக்கும் நடந்தது. "நீயே எழுதிக்கிட்டு வாம்மா, நான் கையெழுத்துப் போடறேன்" என்றார் ஒரு பேராசிரியர். இன்னொருவர் போன வருடப் பையனுக்கு எழுதியதைப் பெயர் மாற்றித் தருவதாகச் சொன்னார். மூன்றாவதற்கு ஆள் இல்லை. மாமா ஒரு பக்கம் எழுதி அனுப்பினார். அழகான ஆங்கிலம். 1988 பட்டதாரி, தொடர்ந்து நன்கொடை தருபவர், இந்தப் பெண்ணைப் பிறந்ததிலிருந்து தெரியும், உழைப்பாளி, மரியாதை தெரிந்தவள். படித்தபோது எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது.

அப்போது நான் தரமணியில் சி.எஸ்.ஐ.ஆர். கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையத்தில் இறுதியாண்டு ப்ராஜெக்டின் ஒரு பகுதியாகக் கான்கிரீட் சிலிண்டர்களை வார்த்துச் சோதித்துக்கொண்டிருந்தேன். வில்லிவாக்கத்திலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல், அங்கிருந்து நடந்து பார்க் டவுன், பறக்கும் ரயிலில் தரமணி. ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம். அங்கே என்னை மேற்பார்வை பார்த்த விஞ்ஞானியிடம் மாமாவின் கடிதத்தைக் காட்டினேன், பாராட்டுவார் என்று நினைத்து. படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "உங்க மாமாவுக்கு உன்னைத் தெரியும். உன் சிலிண்டரைத் தெரியுமா?" என்று கேட்டார். நான் விழித்தேன். "எனக்குத் தெரியும். நான் எழுதறேன். நீ எதுவும் எழுதித் தர வேண்டாம்."

அவர் என்ன எழுதினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று படிவத்தில் டிக் அடித்திருந்தேன். அப்படி டிக் அடிக்க வேண்டும் என்பதைச் சொன்னவர் மாமா. மாணவர் பார்க்க மாட்டார் என்று தெரிந்தால்தான் எழுதுபவர் மனதில் உள்ளதை எழுதுவார், படிப்பவரும் அதை நம்புவார்.

இரண்டாவது காரியம்: என் எஸ்.ஓ.பி.யை, அதாவது ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு எழுதித் தரும் கட்டுரையை, மாமா தாளில் அச்செடுத்து, சிவப்பு மையில் திருத்தி, ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். முதல் பத்தி முழுக்க ஒரே கோடு. சின்ன வயதில் மெரினா மணலில் வீடு கட்டி விளையாடும்போதே கட்டடக் கலை என்னை ஈர்த்தது என்று ஆரம்பித்திருந்தேன். ஓரத்தில், 'இதை எல்லாரும் எழுதுவான்' என்று இருந்தது. 'நிலக்கரிச் சாம்பல் கலந்த கான்கிரீட்டில் ஆய்வு செய்து நல்ல முடிவுகள் பெற்றேன்' என்ற வரிக்குக் கீழே மூன்று கேள்வி: 'எத்தனை சாம்பிள்? எத்தனை நாள்? என்ன தப்பாச்சு?'

மூன்றாவது கேள்விதான் என்னைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். என்ன தப்பானது என்பதை மறைத்து வைத்திருந்தேன். அத்திப்பட்டு அனல்மின் நிலையச் சாம்பலைக் கலந்து 36 சிலிண்டர் வார்த்தோம். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கம்பி. 3.5 சதவீத உப்புத் தண்ணீரில் மூழ்க வைத்து, வாரம் ஒருமுறை செம்பு சல்பேட் மின்முனையை வைத்து மின்னழுத்தம் எடுப்போம். ஐந்தாவது வாரம் ஆறு சிலிண்டரில் அளவு தாறுமாறாக ஏறியது. உள்ளே கம்பி துருப்பிடித்துவிட்டது என்று குதித்தேன். உடைத்துப் பார்த்தால் கம்பி பளபளவென்று இருந்தது. வெளியே ஒயரை இணைத்த இடத்தில் மெழுகுப் பூச்சு விரிசல் விட்டு, அங்கேதான் துரு. ஆறும் வீண். மீதி முப்பதுக்கும் இணைப்பை மறுபடி எபாக்ஸி வைத்து மூடினோம். இதை எழுதினால் என்னை முட்டாள் என்று நினைப்பார்களே என்றேன். "எழுது. அதுதான் நீ லேப்ல நின்னதுக்கு சாட்சி" என்றார் மாமா.

ஆனால் மனிதர் கடைசிப் பத்தியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: என் குடும்பத்துக்கு இந்தப் பல்கலைக்கழகத்தோடு முப்பது ஆண்டு உறவு உண்டு. சேர்த்தேன். ஒரு வரி போச்சு, அவ்வளவுதான்.

அப்புறம் வெள்ளம். மாமாவின் பல்கலைக்கழகத்துக்குக் கடைசி நாள் டிசம்பர் 1. அந்தச் செவ்வாய்க்கிழமை சென்னையில் என்ன நடந்தது என்று இதைப் படிக்கும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். கரண்ட் இல்லை, டவர் இல்லை. எஸ்.ஓ.பி.யின் கடைசி வடிவம் உயிர் போன லேப்டாப்புக்குள் இருந்தது. மாமா அங்கே டி.வி.யில் அடையாற்றைப் பார்த்துவிட்டு எங்களை அழைத்து அழைத்துக் களைத்து, நேராகத் துறை அலுவலகத்துக்குப் போன் செய்திருக்கிறார். நான் இங்கே படித்தவன், என் அக்கா மகள் விண்ணப்பிக்கிறாள், சென்னையில் வெள்ளம் என்றிருக்கிறார். மிகவும் அன்பாகக் கேட்டுக்கொண்டு, விண்ணப்பதாரர்தான் எங்களுக்கு எழுத வேண்டும், வேறு யாரோடும் அவர் விண்ணப்பத்தைப் பற்றிப் பேச முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

நான்காம் தேதி அப்பாவின் பி.எஸ்.என்.எல். சிம்மில் ஒரு கோடு சிக்னல் வந்தது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நின்று துறையின் ஒருங்கிணைப்பாளருக்கு நான்கு வரி எழுதினேன். விண்ணப்ப எண், ஊர், நிலைமை, பத்து நாள் அவகாசம் கிடைக்குமா. மறுநாள் காலை பதில் வந்திருந்தது. 15-ம் தேதிவரை எடுத்துக்கொள், முதலில் பத்திரமாக இரு. மாமா போன் செய்ததைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

ஒவ்வொரு துறையிலும் இப்படி ஒருவர் இருப்பார். பேராசிரியர் இல்லை, அலுவலகப் பணியாளர். டிரான்ஸ்கிரிப்ட் தாமதமா, கடிதம் எழுதுபவருக்கு லிங்க் போகவில்லையா, விண்ணப்பக் கட்டணத்தில் விலக்கு கேட்க முடியுமா, எல்லாம் அவரிடம்தான். வாரம் ஒரு மெயில் போட்டு நச்சரிக்கக் கூடாது. தேவைப்படும்போது சுருக்கமாக, விண்ணப்ப எண்ணோடு கேட்டால் போதும். கட்டண விலக்கு விஷயத்தை நான் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு விண்ணப்பத்துக்கு 75 முதல் 100 டாலர், அன்றைய விலையில் ஐந்தாயிரம், ஆறாயிரம் ரூபாய். ஏழு போட்ட பிறகு அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பிப்ரவரி கடைசியில் முதல் முடிவு வந்தது. மாமாவின் பல்கலைக்கழகம். இரண்டு பத்தி, வருந்துகிறோம். என்னைவிட மாமாதான் நொறுங்கிப்போனார். "பணம் கேக்கறப்ப மட்டும் டியர் அலம்னஸ்னு வரிக்கு வரி எழுதறான்" என்றார். அத்தைதான் பின்னால் எனக்குச் சொன்னார், அந்த வருடம் 50 டாலர் போகவில்லை என்று. அடுத்த வருடம் மறுபடி அனுப்ப ஆரம்பித்துவிட்டார்.

பிறகுதான் உட்கார்ந்து அந்தத் துறையின் பக்கத்தை ஒழுங்காகப் படித்தேன். கம்பித் துரு ஆராய்ந்த ஒரே பேராசிரியர் இரண்டு வருடம் முன்பே ஓய்வு பெற்றிருந்தார். என்னை எடுத்திருந்தாலும் அங்கே எனக்கு வழிகாட்ட ஆள் கிடையாது. உறவுக்காரர் படித்த இடம் என்ற நினைப்பில் இருக்கும் ஆபத்து இதுதான். கதவு திறக்காதது ஒரு பக்கம், தட்ட வேண்டிய கதவு எது என்று பார்க்கவும் விடாது. மாமாவுக்குத் தெரிந்தது 1988-ன் துறை. அதில் இருந்த பாதிப் பேர் உயிரோடே இல்லை.

ஏழில் நான்கு ரிஜெக்ட். இரண்டு எம்.எஸ். மட்டும், ஃபண்டிங் இல்லாமல். ஒன்று பிஎச்.டி., முழு ஃபண்டிங்கோடு. அது மாமா ஒருமுறைகூடப் போகாத மாநிலம். ஏப்ரல் 15 வரை யோசிக்க நேரம் இருந்தது. அந்தத் தேதி அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒப்புக்கொண்ட ஒன்று. நிதியுதவியோடு இடம் கொடுத்தால் அதற்கு முன்னால் உன்னை முடிவெடுக்கச் சொல்லி நெருக்கக் கூடாது. நான் யோசிக்கவில்லை, அன்றே சம்மதம் சொன்னேன்.

இப்போது அம்மாவின் கேள்வி: பின்னே எதுக்குக் கேக்கறாங்க?

பிஎச்.டி. மூன்றாம் வருடம், எங்கள் துறையின் சேர்க்கைக் குழுவில் மாணவர் சார்பாக என்னை உட்கார வைத்தார்கள். வாக்கு கிடையாது, கருத்துச் சொல்லலாம். ஜனவரி மாதம், வெளியே பனி, உள்ளே நீள மேஜை, ஆறிப்போன காபி. ஒவ்வொரு விண்ணப்பமும் ஒரே பி.டி.எஃப். ஆக வரும். மதிப்பெண், எஸ்.ஓ.பி., மூன்று கடிதம், சுயவிவரம். உறவினர் பற்றிய பக்கத்தைத் தேடினேன். இல்லவே இல்லை. ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டேன். "அது எங்களுக்கு வராது. முன்னாள் மாணவர் அலுவலகத்துக்குப் போகும்" என்றார். நன்கொடைக் கடிதம் அனுப்ப ஒரு குடும்பத்தை எப்படித் தொகுத்து வைப்பது என்ற கணக்குக்காக. எங்கள் துறை அப்படி. மற்ற இடங்களிலும் அச்சாக அப்படியே என்று சொல்ல மாட்டேன்.

வந்திருந்தாலும் என்ன பயன்? ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் கடைசியில் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: இவரை யார் எடுத்துக்கொள்கிறீர்கள்? ஆராய்ச்சி மாணவரின் கல்விக் கட்டணம், மாத உதவித்தொகை எல்லாம் பெரும்பாலும் ஏதோ ஒரு பேராசிரியரின் ஆராய்ச்சி நிதியிலிருந்தோ துறையின் கற்பித்தல் நிதியிலிருந்தோ போகும். ஐந்து வருடம் ஒரே ஆய்வுக்கூடத்தில் முகத்தைப் பார்க்க வேண்டும். யாரோ ஒரு பழைய மாணவரின் அக்கா மகள் என்பதற்காக எந்தப் பேராசிரியர் தன் நிதியை உடைப்பார்?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. என் பெயரோடு ஒட்டியிருப்பது அப்பா பெயர். மாமா பெயரோடு ஒட்டியிருப்பது தாத்தா பெயர். நாங்கள் ஒரே குடும்பம் என்று அந்த மேஜையில் யாருக்கும் ஊகிக்கக்கூட முடியாது.

ஆனால் அந்த மேஜையில் வாரிசுரிமையே இல்லை என்று சொன்னால் பொய். ஒரு விண்ணப்பம் நடுவாந்தரமாகத்தான் இருந்தது. அதில் ஒரு கடிதம், எங்கள் குழுத் தலைவரின் பழைய பிஎச்.டி. மாணவர் எழுதியது. அவர் இப்போது இந்தியாவில் பேராசிரியர். "இவன் நல்ல பையன்னு அவன் சொன்னா நல்ல பையன்தான்" என்கிற பாணியில் தலைவர் பேசினார். அந்த விண்ணப்பம் மேலே ஏறியது. ரத்த உறவுக்கு அங்கே மதிப்பில்லை. குரு சிஷ்ய உறவுக்கு உண்டு. இதுவும் நியாயமில்லை என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் எங்கள் கல்லூரி போன்ற ஒன்றில் படிக்கும் பிள்ளைக்கு அந்தப் பரம்பரைக்குள் நுழைய வழி ஏது? எனக்குத் தரமணி கிடைத்தது. மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்குச் சென்னை ஐ.ஐ.டி. நடத்தும் கோடைகால ஃபெலோஷிப் இன்னொரு வழி, இரண்டு மாதம். தெரியாத பேராசிரியருக்கு ஒரு மெயில் போட்டு, சும்மா வந்து சிலிண்டர் வார்க்கிறேன் என்று சொல்வது மூன்றாவது. இருபது மெயிலுக்கு ஒரு பதில் வரும். ஒன்று போதும்.

பிறகு, இந்த முன்னாள் மாணவர் வாரிசு விஷயம் முழுக்கக் கட்டுக்கதையும் இல்லை. அது இளநிலைப் படிப்பின் கதை. லெகசி என்பார்கள். 1920-களில், யூதக் குடும்பங்களின் பிள்ளைகள் நன்றாகப் படித்து அதிகமாக உள்ளே வரத் தொடங்கியபோது, பழைய குடும்பங்களுக்கு இடம் காப்பாற்றுவதற்காக அமெரிக்காவின் உயர்தரக் கல்லூரிகள் பிடித்துக்கொண்ட வழிகளில் ஒன்று. ஹார்வர்டுமேல் நடந்த வழக்கில் வெளிவந்த கணக்குப்படி, முன்னாள் மாணவரின் பிள்ளைகளில் சுமார் 33 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது, மற்றவர்களில் சுமார் 6 சதவீதத்துக்குத்தான். அதே வழக்கில் 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் இன அடிப்படையிலான சேர்க்கையை நிறுத்தியதும், அப்படியானால் இந்த வாரிசுச் சலுகை மட்டும் எதற்கு என்ற கேள்வி பலமாக எழுந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் முன்பே நிறுத்தியிருந்தது. ஆம்ஹெர்ஸ்ட் 2021-ல் நிறுத்தியது. கலிபோர்னியா மாநிலம் தனியார் கல்லூரிகளிலும் இதைத் தடைசெய்து 2024-ல் சட்டம் போட்டது. மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி. லெகசியைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தது இந்தச் செய்தியின் வால் மட்டும்தான்: அமெரிக்காவில் அப்பன் படித்தால் பிள்ளைக்குச் சீட்டு. எந்தப் படிப்புக்கு, எந்தக் கல்லூரியில் என்பதெல்லாம் வழியில் உதிர்ந்துவிட்டது.

எம்.பி.ஏ., சட்டம் மாதிரியான தொழிற்படிப்புகளில் நிலைமை கொஞ்சம் வேறு. அங்கே முன்னாள் மாணவர் வலைப்பின்னலே படிப்பின் பாதிச் சரக்கு. நீ எங்கள் ஆட்களோடு பேசினாயா, வகுப்புக்கு வந்து பார்த்தாயா என்பதற்கு ஓரளவு மதிப்பு உண்டு. அதுகூட யாரோடு பேசினாய் என்பதற்குத்தான், யாருக்குப் பிறந்தாய் என்பதற்கு அல்ல. சில மாநிலப் பல்கலைக்கழகங்கள் முன்னாள் மாணவரின் பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை தருவதுண்டு. பெரும்பாலும் இளநிலைக்கு, பெற்ற பிள்ளைக்கு. படித்துப் பார்த்து விண்ணப்பிப்பதில் தப்பில்லை. மருமகள்கள் ஏமாற வேண்டாம்.

ஏமாற்றம் என்றதும் ஒன்று. 'முன்னாள் மாணவர் பரிந்துரை' என்று ஒரு பொட்டலத்தை விற்கும் ஆலோசனை மையம் ஒன்றை எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம். எங்கோ படித்த யாரோ ஒருவரை வைத்து ஒரு மெயில் அனுப்ப வைப்பார்கள், அதற்குத் தனிக் கட்டணம். அந்தக் காசுக்கு இன்னும் இரண்டு விண்ணப்பம் போடலாம்.

உறவினரைப் பற்றி யாராவது நிஜமாகவே அக்கறையோடு கேட்டார்கள் என்றால் அது விசாவுக்குத்தான். டி.எஸ்.-160 படிவத்தில் அமெரிக்காவில் உறவினர் உண்டா என்று கேட்கிறார்கள். மறைக்கக் கூடாது. ஜெமினி மேம்பாலத்தடியில் தூதரகத்துக்கு வெளியே வெயிலில் நின்றபோது, மாமாவைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்று அப்பா என்னைப் பரீட்சை வைத்துக்கொண்டே இருந்தார். உள்ளே அதிகாரி கேட்டது இரண்டே கேள்வி. என்ன ஆராய்ச்சி, யார் பணம் கட்டுகிறார்கள்.

அக்காவுக்கும் அவர் மகனுக்கும் இவ்வளவையும் சொல்லவில்லை. என் பழைய துறையில் இப்போது இருப்பவர்களில் பாதிப் பேரை எனக்கே தெரியாது, நான் ஒரு வார்த்தை சொல்ல முடியாது என்று மட்டும் சொன்னேன். அக்கா முகம் வாடியது. பையனிடம் அவன் ப்ராஜெக்ட் என்ன என்று கேட்டேன். எம்-சாண்டும் ஆற்று மணலும் ஒப்பீடு என்றான். எத்தனை கியூப் என்றேன். யோசித்தான். என்ன தப்பாச்சு என்றேன். அம்மாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, ஒரு பேட்ச்ல தண்ணி அளவு மாத்திப் போட்டுட்டோம்" என்றான் மெதுவாக.

என் பல்கலைக்கழகத்தைப் பட்டியலில் வைத்தே ஆக வேண்டும் என்றில்லை, மணல், ஜல்லி வகையறாவில் வேலை செய்யும் பேராசிரியர்கள் எங்கெங்கே இருக்கிறார்கள், கடைசியாக என்ன கட்டுரை எழுதினார்கள், புது மாணவர் எடுக்கிறார்களா என்று பார்த்து வரச் சொன்னேன். இரண்டு வாரம் ஆளைக் காணோம். போன சனிக்கிழமை ஒன்பது பெயரோடு வந்தான். அதில் என் பல்கலைக்கழகம் இல்லை. ஒரு பேராசிரியருக்கு எழுதிய மெயிலைக் காட்டினான். ஐந்து பத்தி, முதல் பத்தியில் இந்தியாவின் கட்டுமானத் துறை வளர்ச்சி. இரண்டு பேரும் உட்கார்ந்து ஆறு வரியாகக் குறைத்தோம். அவருடைய எந்தக் கட்டுரையைப் படித்தான், தன் சோதனையில் என்ன பார்த்தான், தண்ணீர் அளவு மாறிய பேட்ச்சைப் பற்றி ஒரு கேள்வி, வரும் ஆண்டு மாணவர் எடுக்கிறீர்களா. அக்கா மறுபடி மைசூர்பாகு அனுப்பியிருந்தார், இந்தத் தடவை கொஞ்சம் கெட்டி.

திங்கட்கிழமை இரவு அனுப்பினான். இன்னும் பதில் வரவில்லை.